சிறு பறவைகளைக் காண்பதும் படம் பிடிப்பதும்

கொக்கையும் நாரையையும் படம் பிடிப்பவருக்குப் பெரும் தடை தூரம் ஒன்றே. அப்பறவைகள் ஓரிடத்தில் நெடுநேரம் நிற்கும்; அணுகுவதற்கு வழி கிடைத்துவிட்டால் எஞ்சிய வேலை எளிது. சிறு பறவைகளின் செய்தி வேறு. தையற்சிட்டு நம் வீட்டுச் சன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் செடியிலேயே இருக்கிறது. ஆயினும், காமிராவைக் கண்ணருகே கொண்டு போவதற்குள் அது அந்தக் கிளையை விட்டு அடுத்த கிளைக்குச் சென்றுவிடுகிறது. அடுத்த கிளையைக் கண்டுபிடிப்பதற்குள் வேலிக்கு அப்பாலிருந்து அதன் குரல் மட்டும் கேட்கிறது. படத்தில் விழுவது பெரும்பாலும் ஓர் இலை, அல்லது அசைந்த நிழல். இதனால் மனம் சலித்து, விலை மிகுந்த காமிரா ஒன்று இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவோர் பலர்.

காமிராவின் பங்கு உண்டு. அதைப் பின்னர்ச் சொல்லுவேன். ஆனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இப்பறவை ஏன் இவ்வாறு ஓயாமல் அலைகிறது என்பதுதான். நம்மைக் கண்டு அஞ்சி ஓடுகிறது என்றே பலரும் கருதுகின்றனர். பெரும்பாலான வேளைகளில் அது உண்மையன்று. தையற்சிட்டின் எடை 6 முதல் 10 கிராம் வரை. குளிர்காலத்தில் நம் நாட்டுக்கு வரும் இலைக் கதிர்க்குருவிகளும் ஏறக்குறைய அவ்வளவே. இவ்வளவு சிறிய உடல் வெப்பத்தை விரைவில் இழந்துவிடும். இழந்ததை ஈடு செய்ய வேண்டுமானால் பகல் முழுவதும் உண்டாக வேண்டும். உணவோ, இலையின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறு புழுவும் பூச்சியும் சிலந்தியும். ஓர் இலையில் இருப்பதை எடுத்தபின் அங்கே நிற்பதில் பயனில்லை. ஆகவே, நாம் காணும் பரபரப்பு பெரிதும் அதன் பிழைப்பே. பிழைப்புக்காக அலைபவரின் நடையில் ஓர் ஒழுங்கு இருக்கும். தெருவில் காய்கறி விற்பவர் எந்த நேரத்தில் எந்த வாசலில் நிற்பார் என்பதை நாம் அறிவோம் அன்றோ? அவ்வாறே சிறு பறவையின் சுற்றையும் சில நாட்களில் அறிந்துகொள்ளலாம். பின்னால் ஓடுவதை விட்டு, அது வரும் இடத்தில் முன்கூட்டியே போய் அமர்ந்திருப்பவருக்கே படம் கிடைக்கும்.

தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறி வாழும் தமிழன்பர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம் ஊர்க் கொல்லையில் பார்த்துப் பழகிய தையற்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, மாம்பழச்சிட்டு, வெள்ளைக்கண்ணி ஆகியவை இந்நகரங்களிலும் வாழ்கின்றன. மொழி புதிதாகவும் தெரு புதிதாகவும் இருந்தாலும், வேலியோரத்துக் குரல் பழையதே. இத்தகைய ஊர்ப் பறவைகள் கவனிக்கத் தக்கவை என்பதை அரை நூற்றாண்டுக் காலம் எழுதிக் காட்டியவர் ஒரு தமிழரே. அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996-இல் மறையும் வரை, கொல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் நம் நாட்டு விலங்குகளையும் பறவைகளையும் பற்றித் தொடர்ந்து எழுதி வந்தார். காடு தேடிச் செல்ல இயலாதவர்களும் வீட்டு முற்றத்திலேயே தொடங்கலாம் என்பதற்கு அவருடைய கட்டுரைகள் போதிய சான்று.

தொடங்குவதற்கு ஏற்ற பறவை எது என்று கேட்டால், தில்லியிலும் வடநாட்டுப் பிற நகரங்களிலும் வாழ்பவர்களுக்குச் செம்மார்பு ஈப்பிடிப்பானையே நான் சொல்வேன். கிழக்கு ஐரோப்பாவிலும் அதற்கு அப்பாலுள்ள காடுகளிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்க இந்தியாவுக்கு வரும் பறவை இது. பழுப்பு உடல், ஆணுக்கு மட்டும் தொண்டையிலும் மார்பிலும் செம்மஞ்சள் நிறம். வாலை அடிக்கடி வெடுக்கென்று மேலே தூக்கும். அப்போது வாலடியின் இரு பக்கமும் உள்ள வெண்மை பளிச்சிடும். குரல், சிறிய கிலுகிலுப்பையை விரைவாக ஆட்டியது போன்றது. மரநிழலில் தாழ்ந்த கிளையொன்றில் அமர்ந்து, பறக்கும் பூச்சியை எட்டிப் பிடித்து, அதே கிளைக்கோ அதற்கு அடுத்ததற்கோ திரும்பி வருவது இதன் வழக்கம். அவ்வாறு அது விரும்பும் கிளைகள் மூன்று நான்குதான் இருக்கும். கால் மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் அவை எவை என்பது தெரிந்துவிடும். பறவை பூச்சியைத் தேடிப் பறந்து சென்ற வேளையில் நாம் இரண்டடி முன்னே நகர்ந்து, வெறுமையாக இருக்கும் கிளையின் மீது காமிராவைக் குறிவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வெறும் கிளையைப் படம் பிடிக்க நிற்பவரைக் கண்டு பூங்காவில் உலாவுவோர் வியப்படையலாம். அதற்கு நாம் பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

தேன்சிட்டின் ஒழுங்கு பூவைச் சார்ந்தது. தில்லியில் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இலவமரம் இலையுதிர்த்துச் செந்நிறமாகப் பூத்து நிற்கும்போது அதன் கீழே நின்றால், தேன்சிட்டுடன் மைனாக்களும் கரிச்சானும் தேனுக்கு வருவதைக் காணலாம். ஆனால் இலவமரம் உயர்ந்தது. படம் எடுப்பவரின் கழுத்துக்குத்தான் கேடு. முள்முருங்கையும் வீட்டுத் தோட்டத்துப் பூஞ்செடிகளும் இதற்கு மேல். மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருப்போர், புல்லுருவி படர்ந்த மாமரம் ஒன்றைத் தேடிக்கொள்ளட்டும். மாமரத்துக்கு அது கேடு, நமக்கோ வாய்ப்பு. 8 செண்டிமீட்டர் நீளமே உள்ள பூங்கொத்திச் சிட்டு, புல்லுருவிப் பழத்துக்காக அதே கொத்துக்கு நாள்தோறும் பலமுறை வரும். பழத்தை விழுங்கி, பசையுள்ள விதையை வேறு கிளையில் விட்டுச் செல்வதால், புல்லுருவியைப் பரப்புவதும் அதுவே.

அடுக்கு மாடியில் குடியிருந்து, மரத்தை அண்ணாந்து பார்க்கும் வாய்ப்பும் இல்லாதவர்கள், கோடைக்காலத்தில் மாடத்தில் ஓர் அகன்ற மண் தட்டில் தண்ணீர் வைக்கலாம். இரண்டு விரற்கடை ஆழம் போதும். நாள்தோறும் மாற்ற வேண்டும். பூனை பதுங்கும் இடமாக இருத்தல் ஆகாது. தட்டுக்கு ஓர் அடி தூரத்தில் காய்ந்த குச்சி ஒன்றை நட்டு வைத்தால், நீருக்கு வரும் பறவை நேரே தட்டில் இறங்காமல் முதலில் அக்குச்சியில் அமர்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும். அந்த இரண்டு மூன்று விநாடிகளே நமக்கு வேண்டியவை. வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாகவே வருபவை. முதற்பறவை அஞ்சாமல் குளித்தால் மற்றவையும் வரிசையாக வந்துவிடும்.

இனிக் காமிராவைப் பற்றிச் சில கணக்குகள். 10 செண்டிமீட்டர் நீளமுள்ள பறவை 5 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். 400 மில்லிமீட்டர் லென்ஸ் அதன் உருவத்தை ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் நீளமாகக் காமிராவுக்குள் விழச் செய்யும். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சட்டத்தில் அது நாலில் ஒரு பங்கு, போதுமானது. 10 மீட்டர் தூரத்துக்குப் போனால் உருவம் 4 மில்லிமீட்டர்தான். எனவே, மேலும் விலையுள்ள லென்ஸை வாங்குவதைவிட மேலும் 5 மீட்டர் அண்மையில் இருக்க வழி தேடுவது பயன் தரும். ஆனால் அண்மைக்கும் ஒரு விலை உண்டு. அதே லென்ஸில், 5.6 என்னும் துளை அளவில், 5 மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 5 செண்டிமீட்டரே. அலகு தெளிவாக இருந்தால் வால் மங்கிவிடும். அதனால்தான் கண்ணைத் தெளிவாக்கு என்கிறார்கள். கண் தெளிந்திருந்தால் வால் மங்கியதைப் பார்ப்பவர் பொருட்படுத்துவதில்லை. பறவையின் கண்ணைத் தானே தேடிப் பற்றும் காமிராக்கள் இப்போது வந்துவிட்டன. அவையும், இடையில் ஓர் இலை ஆடினால், இலையையே பற்றிக்கொள்கின்றன.

வேகத்தின் கணக்கும் இத்தகையதே. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பறவை அசைந்தால், 1/60 விநாடியில் அது 17 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000 விநாடியிலும் 1 மில்லிமீட்டர் நகரும். இறகின் இழைகள் தனித்தனியே தெரிய வேண்டுமானால் அந்த ஒரு மில்லிமீட்டரும் அதிகம். ஷட்டரை மேலும் விரைவுபடுத்தலாம்; ஆயின் மரநிழலில் அதற்குப் போதிய வெளிச்சம் இராது. மிகச் சுறுசுறுப்பான பறவையும் ஒரு தாவலுக்கும் அடுத்த தாவலுக்கும் இடையே ஒரு கணம் நின்று, தலையைச் சாய்த்து இலையின் அடிப்புறத்தை நோக்கும். தையற்சிட்டு குரல் கொடுக்கும்போது நிற்கும். அவ்வேளையில் அதன் கழுத்தின் இரு பக்கமும் ஒரு கரிய திட்டுத் தெரியும், வாய் மூடியவுடன் மறைந்துவிடும். இந்த நிற்றலை எதிர்பார்த்து விரலை அழுத்தப் பழகியவர், பழைய காமிராவைக் கொண்டும் நல்ல படம் எடுப்பார். அந்தப் பழக்கம் வருவதற்கு முதல் சில வாரங்கள் காமிராவே இல்லாமல், 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்பது நலம். காமிரா கையில் இருந்தால் நாம் படத்தைத்தான் தேடுவோம். பறவையைப் பார்க்க மாட்டோம்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. ஆண் ஊதாத் தேன்சிட்டை நிழலிலோ எதிர்வெயிலிலோ கண்டவர் அதைக் கரிய பறவை என்றே சொல்வார். அதன் ஊதாவும் நீலமும் சாயத்தால் அமைந்தவை அல்ல; இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைத் திருப்புவதால் தோன்றுபவை. சூரியன் நம் முதுகுப்புறம் இருந்து, பறவையும் தக்க கோணத்தில் திரும்பினால்தான் அவை தெரியும். எனவே காலையில் கிழக்கே முதுகு காட்டி உட்காரும் இடத்தை முதல் நாளே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். வடநாட்டுக் குளிர்காலத்தில், மூடுபனி விலகியபின் மரத்தின் வெயில் படும் பக்கத்தைத் தேடிச் சிறு பறவைகள் வரும். பூச்சிகள் அங்கேதான் முதலில் அசையத் தொடங்குகின்றன. அதிகாலையில் போர்வையை விட்டு எழ மனமில்லாதவர்களுக்கு இது ஓர் ஆறுதல்.

இப்போது மிகவும் கவலைக்குரிய ஒரு செய்திக்கு வருகிறேன். பறவைப் புகைப்படம் தோன்றிய காலத்தில் காமிராக்கள் பருமனானவை, பிலிமும் கண்ணாடித் தகடும் மந்தமானவை, லென்ஸ்கள் குறுகியவை. சிறு பறவை தவறாமல் வரும் இடம் ஒன்றே அன்றைய புகைப்படக்காரருக்குத் தெரியும்: அதன் கூடு. இங்கிலாந்தில் ரிச்சர்டு, செர்ரி என்னும் கியர்ட்டன் சகோதரர்கள் 1892-இல் முட்டைகளோடு கூடிய பறவைக் கூட்டைப் படம் பிடித்தார்கள்; பின்னர் மாட்டுத் தோலால் செய்த பொய் மாட்டினுள் ஒளிந்துகொண்டும் பறவைகளைப் படம் எடுத்தார்கள். நம் நாட்டில் லோதர் என்னும் ஆங்கிலேயர் பல ஆண்டுகள் மறைவிடம் அமைத்துக் கூடுகளைப் படம் பிடித்து, 1949-இல் அந்த அனுபவங்களை நூலாக வெளியிட்டார். அக்காலத்துக்கு வேறு வழி அரிது. இன்று வழி இருக்கிறது. எனினும், கூட்டருகே நின்று படம் எடுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. கைத்தொலைபேசி வந்தபின் அது மிகுந்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

தையற்சிட்டின் கூட்டை எடுத்துக்கொள்வோம். பெண் பறவை உயிருள்ள இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சு இழையாலும் சிலந்தி நூலாலும் தைத்து, அந்தப் பைக்குள் மெத்தை அமைத்து மூன்று நான்கு முட்டைகள் இடுகிறது. இலை பசுமையாகவே இருப்பதால் மற்ற இலைகளினூடே கூடு தெரிவதில்லை. அதன் பாதுகாப்பு முழுவதும் இந்த மறைவில்தான் இருக்கிறது. நன்றாகத் தெரிய வேண்டும் என்று முன்னிருக்கும் இரண்டு கிளைகளை ஒருவர் ஒடித்தாலோ, கட்டி விலக்கினாலோ, அந்தப் பாதுகாப்பு போயிற்று. குஞ்சுகள் கண் திறவாமலும் இறகு முளையாமலும் பிறப்பவை. தில்லியின் சூன் மாத வெயில் நேரே படும் இடத்தில் அவை நெடுநேரம் தாங்கமாட்டா. மனிதர் அடிக்கடி எட்டிப் பார்க்கும் செடியைக் காகம் மதிலிலிருந்து கவனித்துக்கொண்டிருக்கும். தாய்ப்பறவை இரை கவ்விய அலகோடு பக்கத்துக் கிளையில் தத்தளிப்பதை, அழகான காட்சி கிடைத்தது என்று சிலர் படமும் எடுக்கிறார்கள். அது குஞ்சுக்கு உணவு கொடுக்க முடியாமல் தவிக்கும் காட்சி. முட்டையிட்டிருக்கும் நிலையில் இவ்வாறு நேர்ந்தால் கூட்டையே கைவிட்டுப் போவதும் உண்டு.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்னும் சொல்லுக்குத் தந்திருக்கும் விளக்கத்தில், பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளையோ கூட்டையோ கலைத்துத் தொந்தரவு செய்வதும் அடங்கும் என்பதைப் பலர் அறியார். துப்பாக்கி எடுத்தவர் மட்டுமே வேட்டைக்காரர் என்று சட்டம் கருதவில்லை.

தையற்சிட்டு அடை காப்பது சுமார் 12 நாள். குஞ்சு கூட்டில் இருப்பது சுமார் 14 நாள். ஒரு மாதத்துக்கும் குறைந்த இக்காலத்தில் அந்தச் செடியைச் சற்றுத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டு, பெற்றோர் வந்து போகும் வழியை மட்டும் குறித்து வைப்பது தக்கது. வெளிவந்த குஞ்சுகள் முதல் சில நாட்கள், குட்டை வாலோடு, ஒரே கிளையில் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக அமர்ந்திருக்கும். பெற்றோர் மாறி மாறி வந்து ஊட்டும். 400 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ளவர் எவருக்கும் தொந்தரவில்லாமல் அதைப் படம் எடுக்கலாம். கூட்டுக்குள் எடுத்த படத்தைவிட அது நூறு மடங்கு அழகாயிருக்கும் என்பது என் கருத்து.

பதிவு செய்த பறவைக் குரலைக் கைத்தொலைபேசியில் ஒலிக்கச் செய்து பறவையை வெளியே வரவழைக்கும் வழக்கமும் பரவியுள்ளது. குரலைக் கேட்ட ஆண் பறவை, தன் எல்லைக்குள் பகைவன் வந்துவிட்டான் என்று எண்ணி, இரை தேடுவதை விட்டு அங்குமிங்கும் பறக்கிறது. இல்லாத பகைவனை அது எவ்வாறு விரட்டும்? ஒரு நாளைக்கு ஒருவர் செய்தால் தாங்கும். பெயர்பெற்ற ஒரு பூங்காவில், அரிய பறவை ஒன்று வந்திருக்கிறது என்ற செய்தி பரவிய வாரத்தில், ஒருவர் பின் ஒருவராக இதைச் செய்தால், 8 கிராம் எடையுள்ள பறவைக்கு என்ன மிஞ்சும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இறுதியாக, படம் எடுத்தும் பெயர் தெரியாத பறவைகள். இலைக் கதிர்க்குருவிகள் இவ்வகையில் கொடியவை. மேலே பசுமை அல்லது பழுப்பு, கீழே வெளிறிய நிறம், கண்ணுக்கு மேல் ஒரு வெண்கோடு. பல இனங்களுக்கும் இதுவே அடையாளம். சிறகில் குறுக்குக்கோடு இல்லையென்றால் ஓர் இனம், மெல்லியது ஒன்று இருந்தால் வேறொன்று, இரண்டு இருந்தால் மற்றொன்று. முற்காலத்தில் இத்தகைய குருவிகளைச் சுட்டுக் கையில் எடுத்துப் பார்த்தே பெயர் வைத்தார்கள். தில்லியில் குளிர்காலம் கழிக்கும், சிறகில் இரு கோடுகள் கொண்ட கதிர்க்குருவி ஹ்யூமின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1885-இல் காங்கிரசு மகாசபை தோன்றக் காரணமாயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம்தான் அவர். அவர் திரட்டிய பல்லாயிரம் பறவைத் தோல்களை அதே ஆண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இன்று துப்பாக்கியின் இடத்தைக் காமிரா பெற்றிருக்கிறது. ஆனால் இக்குருவிகளுக்கு அதுவும் தனியே போதாது. நிழலில் எடுத்த படத்தில் பசுமை பழுப்பாகும். இறகு தேய்ந்திருந்தால் சிறகின் கோடு மறைந்துவிடும். அவை அடிக்கடி எழுப்பும் சிறு குரலே நம்பத்தக்கது. ஆகவே படத்தோடு நாளையும் இடத்தையும், எந்த மரத்தில் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதையும், கேட்ட குரலைத் தமிழெழுத்தில் இயன்றவரையிலும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்துகொள்வது இன்னும் நல்லது. பதிவு செய்வதால் பறவைக்குத் தொல்லை இல்லை.

இந்நோட்டு நாளடைவில் படத்தைவிட மதிப்புடையதாகிவிடும். சிறகில் ஒற்றைக்கோடு உடைய பச்சைக் கதிர்க்குருவி, 'ட்ஸி-லி' என்று ஈரசையில் குரல் கொடுப்பது, தில்லியில் ஒரு வழிப்போக்கன். செப்டம்பரை ஒட்டித் தெற்கே போகும்போதும், மார்ச்சு, ஏப்ரலில் வடக்கே திரும்பும்போதும் சில நாட்கள் தங்கும். தென்னாட்டுக் காடுகளிலோ அது குளிர்காலம் முழுவதும் குடியிருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் இதை ஆராய்ந்து திரெவர் பிரைஸ் என்னும் அறிஞர் 1981-இல் வெளியிட்ட கட்டுரை, ஒவ்வொரு பறவையும் சில மரங்களைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, குரலால் எல்லை காத்து வாழ்வதை விளக்குகிறது. தில்லியில் நம் வீட்டு வேப்பமரத்தில் செப்டம்பர் மாதம் இரண்டு நாள் கேட்ட குரலைக் குறித்து வைத்துக்கொண்டு, மார்கழி விடுமுறைக்குத் தமிழ்நாடு செல்லும்போது தென்காசிப் பக்கத்திலோ மேட்டுப்பாளையத்திலோ மரங்களின் உச்சியைக் காது கொடுத்துக் கேளுங்கள். அங்கே அது ஒரே மரத்தைச் சுற்றி வந்துகொண்டிருக்கும். படம் எடுக்கவும் அதுவே ஏற்ற இடம்.